திரும்ப வைக்க முடியாத எஃகு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ ஜெர்மனியின் சோலிங்கனிலோ நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த மடக்குச் சவரக்கத்தி ஒன்று இன்று பழம்பொருள் கடையில் தட்டுப்பட்டால், அதன் சேதங்கள் பெரும்பாலும் தெரிந்த சேதங்களாகவே இருக்கும். அலகின் முகத்தில் செந்துரு படர்ந்திருக்கும். பிடிக்குள் மடங்கிக் கிடந்த பகுதியில் கறுத்த புள்ளிகள் குழிந்திருக்கும். எப்போதோ கைதவறி விழுந்ததில் வாயில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். பிடியின் ஒரு பக்கம் வளைந்தோ வெடித்தோ போயிருக்கும். இதை மீட்க நினைப்பவருக்கு முதலில் வரும் ஆசை பளபளப்பு. உப்புத்தாளும் மெருகுச் சக்கரமும் கையில் இருந்தால் ஒரு மாலைப் பொழுதுக்குள் அலகு கண்ணாடிபோல் மின்னிவிடும். முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரிய சாதனையாகத் தெரியும். அந்தச் சாதனையில் ஒரு பெரிய இழப்பு மறைந்திருக்கிறது என்பது என் வாதம். பழைய சவரக்கத்தியை மீட்பதென்றால் அதை மீண்டும் சவரத்துக்கு ஆகும்படி செய்வது. அதற்குத் தேவைப்படும் அளவுக்குமேல் ஒரு துளி எஃகையும் அதிலிருந்து எடுக்கக்கூடாது. இது பழமையின் மீதுள்ள மயக்கத்தில் சொல்வதில்லை. கத்தியின் அமைப்பே இப்படித்தான் சொல்கிறது.

வீட்டுக் கத்தியைத் தீட்டுபவர் அதைக் கல்லின்மேல் எத்தனை பாகை சாய்ப்பது என்பதைத் தன் மணிக்கட்டின் பழக்கத்தால் முடிவு செய்கிறார். சவரக்கத்தியில் அந்த முடிவைச் செய்தவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். கத்தியைக் கல்லின்மேல் தட்டையாகப் படுக்கவைத்தால் தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்துதான் வாயின் கோணத்தை நிர்ணயிக்கின்றன. பழைய கத்திகளின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கணக்கில் சொல்வது வழக்கம். பரவலாகக் கிடைக்கும் ஐந்தெட்டு அளவு ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அதன் முதுகு 4.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வாயின் கோணம் 16 பாகையைச் சற்றே தாண்டும். முகத்தோலுக்குச் சுகமாக இருப்பதும், மயிரை வெட்டும்போது நொறுங்காமல் நிற்பதும் சுமார் 15 முதல் 18 பாகைக்குள் அமைந்த வாய்தான். இப்போது வாயில் பெயர்ந்த சில்லின் தடத்தை முழுக்கப் போக்க அகலத்தில் 2 மில்லிமீட்டரைத் தேய்த்துவிட்டதாகக் கொள்வோம். முதுகு அப்படியே இருக்க, கோணம் பதினெட்டரைப் பாகைக்கு ஏறிவிடும். மாறாக, துரு போகட்டும் என்று முதுகை உப்புத்தாளால் தேய்த்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இழந்தாலும், கோணம் 15 பாகைக்குக் கீழே இறங்கி வாய் பலவீனமாகும். முதுகை அழகுபடுத்துகிறேன் என்று கிளம்புபவர், தனக்குத் தெரியாமலே கத்தியின் வாயை மாற்றிக்கொண்டிருக்கிறார். ஒழுங்காகத் தீட்டப்பட்டு வந்த கத்தியில் முதுகும் வாயும் சேர்ந்தே தேய்வதால் பல ஆண்டு உழைப்புக்குப் பிறகும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. தேய்மானத்தையும் கணக்கில் எடுத்தே அமைத்த இந்த விகிதத்தைக் கலைப்பது, பெரும்பாலும் அவசரமான பழுதுபார்ப்புதான்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதையும் கத்தியைச் செய்தவர்கள் அதன் உடலிலேயே குறித்துவைத்திருக்கிறார்கள். பிடியின் இரண்டு தகடுகளையும் அலகையும் இணைப்பவை மென்மையான உலோகத்தாலான சிறு ஆணிகள். இரு முனையிலும் வாஷர் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித் தலை விரித்தவை. அந்தத் தலையை அரம் கொண்டு தேய்த்தால் ஆணி கழன்று வரும். புதிய ஆணியைத் தட்டினால் கத்தி மீண்டும் சேர்ந்துவிடும். கொம்பு, எலும்பு, தந்தம், மரம், செல்லுலாய்டு எனப் பிடி எதுவாக இருந்தாலும் அது உடையும், வளையும், மாற்றப்படும் என்ற எதிர்பார்ப்பு இந்த அமைப்பிலேயே இருக்கிறது. வாய் தீட்டத் தீட்டச் சிறிது சிறிதாகக் கரையும் என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆனால் முதுகு, அலகின் உட்குழிந்த முகம், பதம், காம்பில் அடித்த முத்திரை ஆகிய நான்குக்கும் மாற்று வழி எதுவும் வைக்கப்படவில்லை. ஆகவே சிதைந்த பிடியை மாற்றத் தயங்குவதும் முகத்தை மழமழவென்று தேய்க்கத் துணிவதும், கத்தி சொல்லும் வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

துருவைப் பொறுத்தவரை அது எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குப் பிறகு. செந்துரு தளர்வானது. அது உண்ட இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் பார்வைக்குச் சேதத்தைப் பெரிதாக்கிக் காட்டும். எண்ணெயில் ஊறவைத்து மிக மெல்லிய எஃகு நாரால் துடைத்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும். அதன் அடியில் தெரியும் கருமையான மெல்லிய படலம் வேறு. அது ஒட்டி நிற்கும், அநேகமாகத் தீங்கு செய்யாது, அதை விட்டுவிடலாம். சிக்கல் குழித்துருவில்தான் இருக்கிறது. மேலே ஊசிமுனை அளவில் தெரியும் புள்ளி உள்ளே ஆழமாக இறங்கியிருக்கலாம். அதன் அடிமட்டம்வரை முழு முகத்தையும் தேய்த்தெடுப்பதென்றால் கத்தியில் பாதி போய்விடும். குழி முதுகுக்கு அருகிலோ முகத்தின் நடுவிலோ இருந்தால் அதனால் சவரத்துக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே ஒட்டியிருக்கும் துருவை நீக்கி எண்ணெய் தடவி வைத்தால் போதும். வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் கதை வேறு. வாய் தேய்ந்து அந்தக் குழியை எட்டும் நாளில் அங்கே சிறுசிறு பற்களாக உதிரத் தொடங்கும். மனித மயிர் எஃகைவிடப் பல மடங்கு மென்மையானது. ஆயினும் அது சவர அலகின் வாயைச் சில்லுபெயர்க்க வல்லது என்பதை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியின்கீழ் காட்டினார்கள். அலகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், மயிர் ஒரு குறிப்பிட்ட சாய்வில் வந்து மோதும்போது அது நடக்கிறது. புதிய அலகுக்கே அந்த நிலை என்றால், குழித்துரு அரித்த வாய் எவ்வளவு தாங்கும்? எனவே பூதக்கண்ணாடி வைத்து வாயோரத்தை ஓர் அங்குலம் விடாமல் பார்ப்பதுதான் மீட்பின் முதல் வேலை. உப்புத்தாளை அதற்குப் பிறகு எடுத்தால் போதும், எடுக்கவே தேவையில்லாமலும் போகலாம்.

கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு, அதைச் செய்வது மெருகுச் சக்கரம். சவரக்கத்தியின் எஃகில் கரிமம் ஏறக்குறைய ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். அதைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்திக் கடினமாக்கியிருப்பார்கள். உட்குழிவாகச் சாணை பிடித்த அலகின் வாயோரம் கால் மில்லிமீட்டருக்கும் மெலிந்தது. வேகமாகச் சுழலும் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் அந்த மெல்லிய பகுதியின் சூடு சில விநாடிகளில் ஏறிவிடும். 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறம் தோன்றும். 300ஐ நெருங்கும்போது நீலம் படரும். நீலம் படர்ந்த இடம் பதம் இழந்த இடம். எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அந்த நிறத்தையும் மேலும் மெருகிட்டுப் போக்கிவிடலாம் என்பதால், வாங்குபவர் கண்ணுக்குப் பழுது தெரியாது, முகத்தில் வைக்கும்போதுதான் தெரியும். கையால் தேய்ப்பது மெதுவானது என்பார்கள். அந்த மெதுவில்தான் கத்திக்குப் பாதுகாப்பு. எவ்வளவு எஃகு போகிறது என்பதை உணரவும் நிறுத்தவும் அது அவகாசம் தருகிறது.

இந்த எஃகும் இந்த வடிவமும் எந்த விலைக்கு வந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், சீரான வில்தகடுகள் வேண்டி 1740களில் ஷெஃபீல்டுக்கு அருகே மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். சவரக்கத்திக்கு வேண்டிய ஒரே சீரான எஃகு அதன்பிறகே அங்கே கைகூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த எஃகு மலிந்ததற்கு நம் கடற்கரையோடு ஒரு தொடர்பு உண்டு. சேலம் பகுதியின் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், அந்த முயற்சியிலிருந்து இங்கிலாந்து திரும்பி, மூசையில் மாங்கனீசு சேர்த்து வார்ப்பெஃகின் தரத்தை உயர்த்தும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு அந்த முறையால் கொழித்தது. ஹீத் தன் உரிமைக்காக வழக்காடியே 1851இல் பலன் காணாமல் இறந்தார். எஃகுக்கு வடிவம் கொடுத்தவர்களின் கதை இதைவிடக் கொடியது. மருத்துவர் ஜார்ஜ் கால்வர்ட் ஹாலந்து 1843இல் ஷெஃபீல்டுச் சாணைக்காரர்களின் நுரையீரல் நோயைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஈராண்டு கழித்து எங்கெல்ஸும் அவர்களைப் பற்றி எழுதினார். உலர்ந்த கல்லில் முள்கரண்டி தேய்த்தவர்கள் எல்லாரையும்விட இளமையில் மடிந்தார்கள். சவரக்கத்தித் தொழிலில் ஈரக்கல்லும் உலர்கல்லும் இரண்டும் புழங்கின. கல்தூளும் எஃகுத்தூளும் மூச்சோடு உள்ளே போயின. பழைய அலகின் முகத்தில் சாணைக்கல்லின் மெல்லிய கோடுகள் இன்னும் தெரியுமானால், அவை அந்த மனிதர்களின் கைவேலை நமக்கு விட்டுச்சென்றிருக்கும் ஒரே எழுத்து. பெரும்பாலோரின் பெயர்கூட எங்கும் இல்லை. காம்பில் இருப்பது முதலாளியின் முத்திரை. அந்தக் கோடுகளைப் பளபளப்புக்காக அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தக் கத்திகளில் பலவும் கடைக்கு வந்தபோதே கண்ணாடி மெருகோடுதான் வந்தன. ஆகவே மெருகைத் திருப்பித் தருவது மூலநிலையைத் திருப்பித் தருவதுதானே என்று கேட்கிறார்கள். மூலத்தில் மெருகு இருந்தது உண்மை. இரும்பின் ஆக்சைடான செந்தூளைக் கொண்டு, அதாவது வேதியியலில் துருவுக்கு உறவான பொருளைக் கொண்டே, ஷெஃபீல்டு மெருகுக்காரர்கள் அந்தப் பளபளப்பை ஏற்றினார்கள். ஆனால் அவர்கள் மெருகிட்டது குழியில்லாத பரப்பை. அதற்கு அவர்கள் செலவிட்ட எஃகு மிகச் சொற்பம். குழி விழுந்த அலகில் அதே மெருகை வரவழைக்க, முதலில் குழியின் ஆழம்வரை எல்லாவற்றையும் கீழிறக்க வேண்டும். அப்போது கிடைப்பது மெருகு மட்டும் புதிதாகவும், தடிமனும் குழிவும் முதுகும் வேறாகவும் உள்ள ஒரு பொருள். அது கடையிலிருந்து வந்த நாளில் இருந்த கத்தி கிடையாது. எந்த நாளிலும் இருந்திராத கத்தி. பிரான்சின் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டுக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடங்களை எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கொண்டுபோவதையே மீட்பு என்று வரையறுத்தார். அதன் விளைவுகளைப் பார்த்த பிறகு அந்த வரையறையை ஒரு சின்னக் கத்திக்குக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். அலகில் பொறித்த சித்திரமும், தங்கப்பூச்சும், காம்பின் முத்திரையும்கூட மெருகில் மங்குகின்றன. முத்திரை வெறும் அலங்காரமா? கிரீடத்தோடு ‘வி ஆர்’ என்றிருந்தால் அது விக்டோரியா காலத்தது. ‘டபிள்யூ ஆர்’ என்றால் 1830க்கும் 1837க்கும் இடைப்பட்டது. அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கச் சட்டத்துக்குப் பிறகு அங்கே போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்பதால், இங்கிலாந்து, ஜெர்மனி என்ற சொற்களே காலத்தைக் காட்டுகின்றன. எழுத்துகளின் விளிம்பு மழுங்கிய கத்தி தன் வயதைச் சொல்லும் சக்தியை இழந்த கத்தி.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒருவர் கேட்பார்: அப்படியானால் ஏன் தொட வேண்டும்? கிடைத்தபடியே வைத்துவிடலாமே? இந்த நிலைப்பாட்டுக்குப் பெரிய முன்னோர்கள் உண்டு. கலை விமர்சகர் ரஸ்கின் 1849இலேயே மீட்டுக்கட்டுதலைப் பொய் என்று கண்டித்தார். வில்லியம் மோரிஸும் அவர் தோழர்களும் 1877இல் பழங்கட்டடங்களைக் காக்கச் சங்கம் அமைத்தபோது அவர்களைத் தூண்டியது, தேவாலயச் சுவர்களின் பழம்பூச்சைச் சுரண்டியெடுக்கும் வெறிதான். அவர்கள் பக்கம் என் மனம் பாதி சாய்கிறது. மீதிப்பாதியைத் தடுப்பது செல்லுலாய்டு. 1870களுக்குப் பிறகு கொம்புக்கும் ஆமையோட்டுக்கும் தந்தத்துக்கும் பதிலாக வந்த இந்தப் பொருள் நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் கலந்தது. வயதேறும்போது அது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை அமிலமாகி, மடங்கிக் கிடக்கும் அலகை உள்ளிருந்தே தின்கின்றன. ஆமையோட்டுச் சாயலில் ஒளி ஊடுருவும் வகை இதில் குறிப்பாக மோசம். அலகில் பிடி மூடிய இடத்தில் மட்டும் புதுத்துரு இருந்தால் காரணம் அநேகமாக இதுவே. இப்படிப்பட்ட கத்தியைத் தொடாமல் விடுவது அதைப் பாதுகாப்பதாகாது. பிடி அலகை அழிக்கும்வரை காத்திருப்பதாகும். வியன்னாவின் கலை வரலாற்றாளர் அலாய்ஸ் ரீகல் 1903இல் ஒரு பொருளின் வயதுக்கு உள்ள மதிப்பையும் பயன்பாட்டுக்கு உள்ள மதிப்பையும் பிரித்துக்காட்டி, இரண்டும் மோதும் இடங்களைப் பேசினார். அவருடைய பிரிப்பு இங்கே உதவுகிறது. லட்சக்கணக்கில் செய்யப்பட்டு இன்றும் தாராளமாகக் கிடைக்கும் சோலிங்கன் கத்தியில் பயன்பாட்டு மதிப்பு முந்துவது நியாயம். ஆனால் லண்டன் கத்திக்கடைக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து 1820ஐ ஒட்டிச் செய்த எஃகுச் சோதனைகளில் பிறந்த ஓர் அலகோ, ஸ்டோடார்ட் உயர்வாக மதித்த இந்திய எஃகால் ஆன ஒன்றோ கிடைத்தால், துரு பரவாமல் தடுத்துவிட்டு அதில் வேறு எதையும் செய்யாமல் இருக்க வேண்டும். அந்த அலகின் பரப்பே சான்று. என் விதி அரிய பொருளுக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

வேலைக்கு ஆகும்படி செய்வது எதற்கு, சவரம் செய்ய இன்று பழங்கத்தி யாருக்குத் தேவை என்ற கேள்வி எஞ்சுகிறது. பிளேடு மாற்றும் சவரக்கருவிக்கு ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற நாளிலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. சிக்கனம் என்று பதில் சொல்ல மாட்டேன். நல்ல தீட்டுகல்லும் தோல்வாரும் வாங்கும் காசுக்குப் பல ஆண்டு பிளேடு வாங்கலாம். பலர் முகத்தில் படும் முடிதிருத்தகத்துக்குப் பழங்கத்தியை நான் பரிந்துரைப்பதும் இல்லை. ரத்தத்தால் பரவும் நோய்களைக் கருதினால், ஒவ்வொருவருக்கும் பாதியாக முறித்த புதுப் பிளேடை மாட்டும் முறையே அங்கே சரி. மீட்ட கத்தி ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். வேலைக்கு ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் வேறு: அந்த ஒரு நிபந்தனைதான் மீட்பவரின் கையைக் கட்டுப்படுத்துகிறது. அழகு என்ற அளவுகோலுக்கு எல்லை இல்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் அழகாகும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். சவரம் என்ற அளவுகோல் நிறுத்தச் சொல்கிறது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் வெட்டியெடுக்கும் மஞ்சள் கோட்டிகூல் கல்லில், அதிலுள்ள நுண்ணிய கார்னெட் மணிகளின் உராய்வில் வாய் முழுநீளத்துக்கும் சீராகக் கல்லைத் தொட்டு, தோல்வாரில் இழுத்தபின் மயிரைத் தடையின்றி வெட்டுகிறதா? வெட்டினால் வேலை முடிந்தது. அலகின் முகத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் அங்கேயே இருக்கட்டும். தீட்டுபவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அகலம் குறைந்து கோணம் கூடிய கத்தியை ஓரளவு வரை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். முதுகு மெலிந்துபோன கத்தியைக் கல்லில் போடும்போது முதுகின்மேல் மெல்லிய நாடா ஒட்டி, இழந்த தடிமனில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். நாடாவைப் பிறகு கழற்றிவிடலாம் என்பதால் இது எஃகைத் தொடாத திருத்தம்.

வாயில் பெயர்ந்த சில்லு ஆழமாக இருக்கும்போதுதான் விதி சோதனைக்கு வருகிறது. அரை மில்லிமீட்டர் ஆழமென்றால் கல்லில் பொறுமையாகத் தீட்டியே போக்கிவிடலாம். முதுகும் கூடவே தேயும், கோணம் கலையாது. மூன்று மில்லிமீட்டர் என்றால் அலகை முழுதாக மறுசாணை பிடித்து, குழிவை மீண்டும் வெட்டி, ஒடுங்கிய புதுக் கத்தியாகத்தான் ஆக்க முடியும். அதைச் செய்யும் கைத்திறன் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலையை நான் மதிக்கிறேன். அப்படி ஆக்கியதைப் பழைய கத்தியின் பெயரில் விற்பதுதான் தவறு. அது பழைய எஃகில் பிறந்த வேறு கத்தி. வாயிலிருந்து மேலே ஏறும் மயிரிழை விரிசல் உள்ள கத்திக்கோ மீட்பே கிடையாது. உட்குழிந்த மெல்லிய அலகில் விரிசல் நிற்காது, வளரும். சில்லு முகத்தருகே எப்போது தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கத்தியை எண்ணெய் தடவிக் காட்சி மாதிரியாக வைத்துக்கொள்ளலாம், தீட்டக்கூடாது, விற்கக்கூடாது.

மீட்பவர்கள் மேற்கொள்ள வேண்டிய ஒரு வழக்கம் இன்னும் பரவலாகவில்லை. கத்தியோடு ஒரு சீட்டு போக வேண்டும். எடுக்கும்போது அகலம் எவ்வளவு, முதுகு எவ்வளவு, முடித்தபோது எவ்வளவு. எந்தப் பக்கத்தில் எந்தக் குழி விடப்பட்டது. துருவை எண்ணெயால் நீக்கினார்களா, அமிலத்தாலா, உப்புத்தாளாலா. பிடி பழையதா, புதியதா, புதியதென்றால் எதனால் ஆனது என்று நாலைந்து வரி போதும். புதுப் பிடியைப் பழசுபோல் நடிக்கவைக்கத் தேநீரில் ஊறவைத்து நிறமேற்றும் வேலைகள் அப்போது தாமாகவே குறையும். வாங்குபவர் அடுத்த முறை கல்லில் போடும்போது தன் கையில் எவ்வளவு எஃகு மிச்சம் என்று தெரிந்து தீட்டுவார். கழற்றிய பழைய பிடியைத் தூக்கி எறிய வேண்டாம். வாஷர்களோடு சேர்த்து அதையும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் செல்லுலாய்டாக இருந்தால் அதே பெட்டியில் வேண்டாம். காற்றோட்டமான வேறிடத்தில், தீயிலிருந்தும் வேறு எந்த அலகிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும்.